கண் விழித்தல் வேறு, மயக்கம் தெளிதல் வேறு: ரெக்கவரி அறைக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு

அறுவை முடிந்து ஸ்ட்ரெச்சர் வெளியே வந்ததும், வராந்தாவில் காத்திருக்கும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி, "மயக்கம் தெளிஞ்சிட்டா சிஸ்டர்?" என்பதுதான். தெளிந்தது, தெளியவில்லை என்ற இரண்டு விடைகள் மட்டுமே உண்டு என்று அவர்கள் நினைப்பதில் தவறில்லை. ஆனால் நம் திருநெல்வேலிப் பக்கத்து ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியிலோ, தென்காசி, அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைகளிலோ, வண்ணார்பேட்டைப் பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றிலோ அறுவை முடிந்தவரை மயக்கம் தெளியும் வரை வைத்துக் கவனிக்கும் ரெக்கவரி அறை டியூட்டிக்கு முதன்முறையாக வரும் செவிலியரும் அப்படியே நினைத்துவிடக் கூடாது. கண்ணைத் திறப்பது, சொன்னதைக் கேட்டுக் கையைத் தூக்குவது, எச்சிலை விழுங்குவது, இருமிச் சளியைத் தள்ளுவது, நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பது, இரத்த அழுத்தத்தை உடல் தானே நிலைநிறுத்திக்கொள்வது ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் திரும்பி வருபவை. அவற்றில் ஒன்று திரும்பிவிட்டதைப் பார்த்து மற்றவையும் திரும்பிவிட்டதாக நம்பிவிடும் இடத்தில்தான் ஆபத்து நேர்கிறது. அந்த இடத்தில் ஏமாறாமல் இருப்பதற்கான முறைகளை, நான் பழகிய வரிசையிலேயே கீழே எழுதுகிறேன்.

நோயாளி வருவதற்கு முன்

படுக்கை காலியாக இருக்கும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. ஆக்சிஜன் குழாயைத் திறந்து, மாஸ்க்கின் வாயில் உள்ளங்கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பாருங்கள். எச்சிலையும் சளியையும் உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் கருவியை ஓடவிட்டு, குழாய் நுனியை விரலால் அடைத்து இழுவையைச் சோதியுங்கள். கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஏம்பு பேக், அதற்கேற்ற மாஸ்க், நாக்கு பின்னால் சரிந்து அடைக்காமல் வாய்க்குள் வைக்கும் வளைந்த குழாயான குடெல் ஏர்வே இரண்டு மூன்று அளவுகளில், வாந்தி பிடிக்க ஒரு கிண்ணம் ஆகியவை கை நீட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அவசர மருந்துத் தட்டில் அட்ரினலின், அட்ரோபின், எபிட்ரின், மார்ஃபின் வகை வலி மருந்தின் வேலையை முறிக்கும் நாலோக்சோன் ஆகியவை இருக்கின்றனவா, காலாவதி ஆகாமல் இருக்கின்றனவா என்பதைக் காலையிலேயே பார்த்துக் கையெழுத்திடுங்கள். சக்ஷன் வேலை செய்யவில்லை என்பதை நோயாளி வாந்தி எடுக்கும் நொடியில் கண்டுபிடிப்பதைவிடக் கொடுமையான நிலை இந்த அறையில் வேறில்லை.

கையில் வாங்கும்போது

நோயாளியோடு மயக்கவியல் மருத்துவர் வருவார். அவர் வாயால் சொல்வதைக் கேட்பதற்கு முன்பே ஆக்சிஜனை மாட்டுங்கள், பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் பொருத்துங்கள், பி.பி. கஃப்பைச் சுற்றுங்கள். முதல் அளவுகள் மருத்துவர் பக்கத்தில் நிற்கும்போதே தெரிந்துவிட வேண்டும். விரல் சில்லிட்டிருந்தாலும், அடர்ந்த நிறத்தில் நகப்பூச்சு இருந்தாலும் சாச்சுரேஷன், அதாவது இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு, சரியாக வராமல் போகலாம். நம் பக்கத்தில் கல்யாணம், பெருநாள் சமயங்களில் கறுக்கச் சிவந்த மருதாணிக் கையோடு வருகிறவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் வேறு விரலிலோ, காது மடலிலோ மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அதன்பின் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை பல. என்ன அறுவை, முழு மயக்கமா, முதுகில் ஊசியா, கடைசியாகக் கொடுத்த வலி மருந்து எது, எத்தனை மணிக்கு, தசையைத் தளர்த்தும் மருந்தின் வேலையை முறிக்கும் மருந்து கொடுத்தாயிற்றா, இரத்தம் எவ்வளவு போனது, ட்ரிப்ஸ் எத்தனை பாட்டில் ஏறியது, சிறுநீர் எவ்வளவு வந்தது, எந்த மருந்துக்கு ஒவ்வாமை, சர்க்கரையோ ஆஸ்துமாவோ உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மூக்கிலோ வாயிலோ அறுவை செய்தவராக இருந்தால், தொண்டைக்குள் வைத்த துணிச்சுருளை எடுத்துவிட்டார்களா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். மறந்து உள்ளே விடப்பட்ட துணி மூச்சுக்குழலை முழுவதுமாக அடைத்துவிடும். கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். கேட்கிற செவிலியரை நல்ல மருத்துவர்கள் மதிக்கவே செய்கிறார்கள்.

இன்னொன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள். கையில் போட்டிருக்கும் ஊசிக்குழாயிலும் அதன் இணைப்பிலும் தசைத் தளர்வு மருந்தோ வலி மருந்தோ சிறிதளவு தங்கியிருக்கலாம். வார்டுக்குப் போனபின் யாரோ ஆன்டிபயாட்டிக் ஊசியை அதே வழியில் தள்ளும்போது, தங்கியிருந்த மருந்தும் உள்ளே போய் நோயாளி மூச்சு விட முடியாமல் தவிக்க நேரிடும். ஆகவே மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போதே அந்த வழியைச் சலைன் விட்டுக் கழுவிவிட்டார்களா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூச்சு

முழு மயக்கம் கொடுக்கப்பட்டவருக்கு நாக்கும் தாடையும் தளர்ந்து பின்னால் சரிகின்றன. மூச்சுவழி பாதி அடைபட்டால் குறட்டை கேட்கும். வெளியே நிற்கும் மகனோ மகளோ கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "நல்லா அசந்து தூங்குதாவ" என்று ஆறுதல் அடைவார்கள். செவிலியருக்கு அந்தச் சத்தம் எழுந்து போகச் சொல்லும் அழைப்பு. குறட்டையும் நின்று, நெஞ்சு உள்வாங்க வயிறு மட்டும் மேலெழும்பிக்கொண்டிருந்தால், வழி முழுவதும் அடைபட்டிருக்கிறது என்று பொருள். சத்தம் நின்றதால் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

செய்ய வேண்டியதை விரல்கள் பழகியிருக்க வேண்டும். தலைமாட்டில் நின்று, இரு கைகளின் விரல்களையும் காதுக்குக் கீழே தாடை எலும்பு வளையும் மூலையில் கொடுத்து, தாடையை முன்னோக்கித் தூக்குங்கள். கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் வரும் அளவுக்குத் தூக்கினால் நாக்கு தொண்டையை விட்டு விலகும். வாயில் எச்சிலோ இரத்தமோ இருந்தால் கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை சக்ஷன் செய்யுங்கள். ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்குக் குடெல் ஏர்வே உதவும். ஓங்கரிக்கிறவருக்கும், நாக்கால் அதைத் தள்ளுகிறவருக்கும் அதை வற்புறுத்தித் திணிக்கக் கூடாது. தள்ளுகிறார் என்றால் அது தேவையில்லாத நிலைக்கு வந்துவிட்டார். தடையேதும் இல்லாவிட்டால் முழுவதும் விழிக்கும் வரை ஒருக்களித்துப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. வாந்தி வந்தாலும் அது நுரையீரலுக்குள் இறங்காமல் கன்னத்து வழியே வெளியே வடிந்துவிடும்.

மூச்சை உள்ளிழுக்கும்போது கூர்மையான கீச்சொலி கேட்டு, கழுத்துக் குழி உள்வாங்கினால், குரல்நாண்கள் இறுகிக்கொண்டிருக்கலாம். உடனே குரல் கொடுத்து மயக்கவியல் மருத்துவரை அழையுங்கள்; அவர் வரும்வரை தாடையைத் தூக்கிப் பிடித்து, ஏம்பு பேக்கால் முழு ஆக்சிஜன் கொடுங்கள். முக்கூடல், ஆலங்குளம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். நாற்பது வருடம் பீடி இழுத்த தாத்தாக்களும் நம்மிடம் நிறைய வருகிறார்கள். அவர்களுக்குச் சளியும் இளைப்பும் மற்றவர்களைவிட அதிகம் வரும் என்று எதிர்பார்த்துச் சக்ஷன் குழாயை முன்னதாகவே பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாள்பட்ட நுரையீரல் நோயுள்ளவர்களுக்கு 88 முதல் 92 சதவீத சாச்சுரேஷன் போதும் என்று மருத்துவர் எழுதக்கூடும். மற்றவர்களுக்கு 94க்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும்.

நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு மருத்துவமனையில், பித்தப்பை அறுவை முடிந்து வந்த ஓர் ஆச்சியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டரில் சாச்சுரேஷன் 98 என்று பச்சை நிறத்தில் நின்றது. ஆச்சி முனகவில்லை, புரளவில்லை, தொந்தரவு எதுவும் தரவில்லை. நான் நிம்மதியாகக் கேஸ் ஷீட் எழுத உட்கார்ந்தேன். மூத்த சிஸ்டர் ஒருவர் அந்தப் பக்கமாகப் போனவர் நின்று, மானிட்டரைப் பார்க்காமல், ஆச்சியின் மேல்வயிற்றில் கையை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுவதும் நின்றார். "ஆறுதான் இருக்கு," என்றார். கருவிழிப்பாவை ஊசி முனையாகச் சுருங்கியிருந்தது. "ஆச்சி, மூச்ச இழுத்து விடுங்க" என்று தோளைத் தட்டினால் கண் திறந்து ஒரு மூச்சு விடுவார். விட்டதும் மறுபடி தூங்கிவிடுவார். தியேட்டரில் கடைசி நேரத்தில் கொடுத்த மார்ஃபினின் நேரத்தை நான் கேட்டு வாங்கவில்லை.

ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு எண்ணிக்கை மிகவும் குறைந்தாலும் சாச்சுரேஷன் நெடுநேரம் இறங்காது. உள்ளே கரியமில வாயு சேர்ந்துகொண்டே போவதை அந்தக் கருவி காட்டுவதில்லை. எனவே மூச்சை நீங்களே, கையை வைத்து, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் இங்கே ஆகாது. மாஸ்க்கில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஆவி படிந்து மறைகிறதா என்றும் பாருங்கள். எண்ணிக்கை 10க்குக் கீழே வந்தால் எழுப்பி மூச்சு விடச் சொல்லி மருத்துவரிடம் தெரிவியுங்கள். 8க்கும் கீழே வந்தால் அது அவசரம். அன்று மருத்துவர் நாலோக்சோன் கொடுத்து ஆச்சி விழித்தார். ஆனால் நாலோக்சோனின் வேலை முக்கால் மணி நேரத்துக்குள்ளாகவே தேய்ந்துவிடக் கூடியது. மார்ஃபின் அதைவிட நீண்ட நேரம் உடலில் நிற்கும். அதனால் அப்படிப்பட்ட நோயாளியை விழித்துவிட்டார் என்று வார்டுக்கு அனுப்பிவிடாமல், மருந்து தேய்ந்தபின் மறுபடி தூக்கத்தில் ஆழ்கிறாரா என்று பார்த்திருக்க வேண்டும். அலறுகிற நோயாளியைவிட அமைதியாக இருக்கிறவரிடமே நான் இன்றுவரை முதலில் போகிறேன்.

இரத்த ஓட்டமும் கசிவும்

முதல் கால் மணி நேரத்துக்கு 5 நிமிடத்துக்கு ஒரு முறையும், அதன்பின் நிலையாக இருந்தால் 15 நிமிடத்துக்கு ஒரு முறையும் நாடி, பி.பி., மூச்சு, சாச்சுரேஷன் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வோர் அளவையும் அறுவைக்கு முன் இருந்த அளவோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள் உண்டு. 160 இருந்து பழகியவருக்கு 110 என்பது இறக்கம். 100 இருந்து பழகிய இளம்பெண்ணுக்கு அதே 110 இயல்பு. உள்ளே இரத்தம் போகும்போது இளம் வயதினருக்கு நாடிதான் முதலில் ஏறும். பி.பி. இறங்கும் நேரத்தில் நிலைமை முற்றியிருக்கும். நாடி ஏறிக்கொண்டே போய், கை கால் சில்லிட்டு, சிறுநீர் ஒரு மணி நேரத்துக்கு, உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிலிட்டருக்கும் குறைவாக வந்தால், "வலியினால் இருக்கும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

கட்டின் மேற்பரப்பு காய்ந்திருப்பதைக் கண்டு திருப்தி அடையாமல், இடுப்புக்கும் முதுகுக்கும் அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். இரத்தம் பள்ளத்தைத் தேடித்தான் ஓடும். கட்டில் கறை தெரிந்தால் அதன் ஓரத்தைப் பேனாவால் வளைத்து, நேரத்தை எழுதிவையுங்கள். சிசேரியன் முடிந்து வந்தவருக்குத் தொப்புளருகே கருப்பை கெட்டியாக உருண்டு கைக்குத் தட்டுப்பட வேண்டும். மாவுபோல் தளர்ந்திருந்தால் அந்த நொடியே தேய்த்துக்கொடுத்தபடி மருத்துவரை அழைக்க வேண்டும்.

குளிர், குமட்டல், வலி

வெளியே கத்திரி வெயில் காயும்போது உள்ளே நோயாளிக்கு இரண்டு கம்பளி போர்த்தியிருப்பதை உறவினர் விந்தையாகப் பார்ப்பார்கள். மயக்க மருந்து உடலின் சூட்டைக் காக்கும் ஏற்பாட்டைத் தளர்த்திவிடுகிறது, ஏ.சி. அறையும் திறந்த வயிறும் சேர்ந்து வெப்பத்தை இழக்கச் செய்கின்றன. நடுக்கம் உடலின் ஆக்சிஜன் தேவையைப் பலமடங்கு கூட்டுவதால், இருதய நோயாளிக்கு அது ஆபத்து. உடல் வெப்பம் 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் வார்மரோ, கம்பளியோ கொண்டு சூடேற்றுங்கள். முதுகு ஊசி போட்டவரின் மரத்த காலில் வெந்நீர்ப் பையை மட்டும் எவரையும் வைக்க விடாதீர்கள். சுடுவது அவருக்குத் தெரியாது. தோல் வெந்து கொப்புளமானபின்தான் நமக்கே தெரியும்.

குமட்டல் பெண்களுக்கும், பஸ் பயணத்தில் வாந்தி எடுக்கும் பழக்கமுள்ளவர்களுக்கும், புகைப் பழக்கம் இல்லாதவர்களுக்கும், மார்ஃபின் வகை மருந்து பெற்றவர்களுக்கும் அதிகம். "ஓங்கரிச்சிக்கிட்டு வருது" என்ற சொல் காதில் விழுந்ததும் முதலில் தலையை ஒருபக்கம் திருப்புங்கள், மருந்து அதற்கு அடுத்தது. பி.பி. இறங்கும்போதும் குமட்டும் என்பதால் அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வலியைப் பற்றி நம் ஊர் நோயாளியிடம் கேட்பதில் ஒரு நுட்பம் வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் சொல்லச் சொன்னால், வயல்வேலை செய்து உரமேறிய ஓர் அண்ணாச்சி, "பரவால்ல தாயி, தாங்கிக்கிடுதேன்" என்று முடித்துவிடுவார். ஆனால் நெற்றி சுருங்கியிருக்கும், கை கம்பியைப் பிடித்திருக்கும், மூச்சு மேலோட்டமாக இருக்கும். "இருமிக் காட்டுங்க அண்ணாச்சி" என்று சொல்லிப் பாருங்கள். இரும முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டால் வலி போதிய அளவு அடங்கவில்லை. வலியைத் தாங்கிக்கொள்வதால் அவர் ஆழ்ந்து மூச்சு இழுக்க மாட்டார், சளியைத் துப்ப மாட்டார். நெஞ்சுச் சளிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது. இதை அவருக்கு விளக்கிச் சொன்னால் மருந்தை மறுக்க மாட்டார். எழுதியிருக்கும் மருந்தைக் கொடுத்தபின், எத்தனை நிமிடத்தில் எவ்வளவு குறைந்தது என்பதையும் பதிவு செய்யுங்கள்.

விழிக்கும்போது சிலர் குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு எழப் பார்ப்பார்கள். கையைக் கட்டுவதும் தூக்க ஊசி கேட்பதும் முதல் வழி அல்ல. ஆக்சிஜன் குறைந்தாலும் மனிதர் இப்படித்தான் திமிறுவார் என்பதால் முதலில் சாச்சுரேஷனையும் மூச்சையும் பாருங்கள். பிறகு வலி, நிறைந்த மூத்திரப்பை, சர்க்கரை என்று வரிசையாகப் பாருங்கள். வயதானவர்களுக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் திருப்பி மாட்டிவிட்டு, அவர்கள் பேச்சிலேயே சொல்லுங்கள்: "ஆச்சி, ஆபரேஷன் முடிஞ்சிட்டு. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரில இருக்கீங்க. ஒங்க மக வெளிய நிக்கா." பழகிய சொல் காதில் விழுந்து பல ஆச்சிகள் அடங்கியதை நான் கண்டிருக்கிறேன். டான்சில் அறுவை முடிந்த குழந்தை தூக்கத்திலேயே அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டிருந்தால், அது இரத்தத்தை விழுங்குகிறது என்றே எடுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

முதுகில் ஊசி போட்டவர்

இவர் விழித்திருக்கிறார், பேசுகிறார், அதனால் கவனிப்பு குறைவாகப் போதும் என்ற எண்ணம் தவறானது. மருந்து இரத்தக்குழாய்களைத் தளர்த்துவதால் பி.பி. இறங்கலாம்; மரப்பு மார்புக்காம்பு மட்டத்துக்கு ஏறினால் நாடியும் குறையலாம். ஸ்பிரிட் பஞ்சைத் தொடையிலிருந்து மேலே மேலே வைத்து, எந்த இடத்தில் குளிர்ச்சி தெரிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கை விரல் மரக்கிறது, பிடிக்க முடியவில்லை, குரல் கம்முகிறது, "நெஞ்சுக்குள்ள அடைக்கு" என்று சொன்னால், ஆக்சிஜனைக் கூட்டி உடனே மருத்துவரை அழையுங்கள்.

உணர்ச்சி மேலிருந்து கீழாகத் திரும்பும். கால் அசைந்துவிட்டது என்பதற்காக மூத்திரப்பைக்கும் உணர்ச்சி வந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. குழாய் போடாதவராக இருந்தால், அடிவயிற்றைத் தொட்டு மேடு தட்டுகிறதா என்று பாருங்கள். முதல் முறை எழும்போது படுக்கையில் உட்கார வைத்து, காலைத் தொங்கவிடச் சொல்லி, "கிறுகிறுப்பு இருக்கா?" என்று கேட்டபின், இரண்டு பேர் பிடித்துக்கொண்டுதான் நிற்க வைக்க வேண்டும்.

தலையணை பற்றி ஒரு வார்த்தை. ஊசி போட்டால் 24 மணி நேரம் தலையணை வைக்கக் கூடாது, தலையைத் தூக்கவே கூடாது, தூக்கினால் ஆயுசுக்கும் தலைவலி என்ற நம்பிக்கை நம் வட்டாரத்தில் வேரூன்றியிருக்கிறது. செவிலியர் சிலரும் அதையே சொல்லிவருகிறார்கள். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர், ஊசி போட்ட துளை வழியே கசிவதால் வருவது அந்தத் தலைவலி. துளையின் அளவும் ஊசிமுனையின் வடிவமும்தான் அதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. மெல்லிய, பென்சில் முனை ஊசிகள் வந்தபின் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. அசையாமல் படுத்திருப்பது அதைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தொடக்கத்தில் சமமாகப் படுக்க வைப்பது பி.பி. நிலைக்கும் வரைதான். மருத்துவர் குறிப்பாக வேறு ஏதும் எழுதாத நிலையில், ஒரு தாயை நாள் முழுவதும் கட்டைபோல் படுக்க வைத்து, பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் விடாமல் செய்வது வீண் வேதனை. ஆனால் ஓரிரு நாளில், உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி வந்தால், சாதாரணத் தலைவலி என்று மாத்திரையோடு விட்டுவிடாமல் மயக்கவியல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அதற்கு வழி உண்டு.

வார்டுக்கு அனுப்புவது

நேரத்தை மட்டும் பார்த்து அனுப்பக் கூடாது. அல்ட்ரெட் என்ற மருத்துவர் 1970இல் வகுத்து, 1995இல் சாச்சுரேஷனைச் சேர்த்துத் திருத்திய மதிப்பெண் முறை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. கைகால் அசைவு, மூச்சு, இரத்த ஓட்டம், விழிப்பு, சாச்சுரேஷன் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். நான்கு கைகால்களையும் அசைத்தால் 2, ஆழ்ந்து மூச்சிழுத்து இருமினால் 2, பி.பி. பழைய அளவிலிருந்து 20 சதவீதத்துக்குள் இருந்தால் 2. முழு விழிப்புக்கு 2, கூப்பிட்டால் விழிப்பதற்கு 1. ஆக்சிஜன் கொடுக்காமலே சாச்சுரேஷன் 92க்கு மேல் நின்றால் 2. மொத்தம் 9 வந்தால் அனுப்பலாம். முதுகு ஊசி போட்டவருக்கு இரண்டு கைகள் மட்டும் அசைந்து அதில் 1 கிடைத்தாலும் 9 வந்துவிடும் என்பதால், பி.பி. நிலையாக நிற்கிறதா, மரப்பு இறங்கத் தொடங்கிவிட்டதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வலி, வாந்தி, கசிவு ஆகியவை இந்தக் கணக்கில் வருவதில்லை. அவற்றை நீங்கள்தான் சேர்த்து எடைபோட வேண்டும்.

ஸ்ட்ரெச்சரின் பக்கக் கம்பியை உயர்த்தி, சிலிண்டரில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்த்து, அட்டெண்டரை மட்டும் அனுப்பாமல் நீங்களும் உடன் செல்லுங்கள். வார்டு சிஸ்டரிடம் தாளை நீட்டிவிட்டுத் திரும்பாமல், கடைசி வலி மருந்தின் நேரத்தையும் அடுத்து எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் வாயாலும் சொல்லுங்கள். அன்றே வீடு திரும்பும் நோயாளியாக இருந்தால், 24 மணி நேரம் பைக் ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, இரவு துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பதை உறவினரிடமும் சொல்லி, அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

வார்டில் கட்டிலுக்கு மாற்றியதும் உறவினர் ஃபிளாஸ்க்கைத் திறப்பார்கள். "தொண்ட வறண்டு கெடக்கு சிஸ்டர், ஒரு மடக்கு காப்பி குடுக்கட்டா?" என்று பாசத்தோடு கேட்பவரிடம் எரிந்து விழ வேண்டாம். முழுவதும் விழித்து, நன்றாக விழுங்கவும் இருமவும் முடிந்து, மருத்துவரும் அனுமதி எழுதியபின் தலைப்பக்கத்தை உயர்த்தி முதலில் இரண்டு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம், அரை மணி நேரம் ஓங்கரிப்பு இல்லாவிட்டால் பிறகு கூட்டிக்கொள்வோம், அதுவரை ஈரப்பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டிருங்கள் என்று விளக்குங்கள். பஞ்சையும் சின்னக் கிண்ணத்தில் தண்ணீரையும் நீங்களே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டால், ஃபிளாஸ்க் தானாக மூடிக்கொள்ளும்.